என் பெயரில் விழுந்த கள்ள ஓட்டும், அதன் பிறகு நான் தெரிந்துகொண்டவையும்

2021 ஏப்ரல் 6 அன்று நடந்த சட்டமன்றத் தேர்தலில் என் ஓட்டை வேறு யாரோ போட்டுவிட்டார்கள். தருமபுரி மாவட்டத்தில் மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில், நான் வரிசையில் நின்று உள்ளே போவதற்கு முன்பே அது நடந்து முடிந்திருந்தது. அந்த நேரத்தில் என்ன கேட்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும் என்று சொல்ல என் பக்கத்தில் ஒருவரும் இல்லை. பெங்களூரு, ஓசூர், திருப்பூர், கேரளம் என்று பிழைக்கப் போய்விட்டு ஓட்டுக்காக ஊர் திரும்புகிற எங்கள் மாவட்டத்துக்காரர்கள் யாருக்கும் இது நேரலாம் என்பதால், நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

அப்போது நான் பெங்களூரை அடுத்த பொம்மசந்திராவில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். தமிழ்நாட்டுக்கு அது தேர்தல் நாள். கர்நாடகத்துக்கு வெறும் செவ்வாய்க்கிழமை. விடுப்பு கேட்டபோது சம்பளத்தைப் பிடித்துக்கொண்டுதான் தருவோம் என்றார்கள். 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 135பி (135B) என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஓட்டுரிமை உள்ள தொழிலாளிக்கு, தினக்கூலியாக இருந்தாலும், வாக்குப்பதிவு நாளில் சம்பளத்துடன் விடுப்பு தர வேண்டும் என்று அது சொல்கிறது. தொகுதிக்கு வெளியே வேலை பார்ப்பவர்களுக்கும் இது பொருந்தும் என்பதை 2025-இல் பீகார் தேர்தலின்போது தேர்தல் ஆணையம் வெளிப்படையாகவே அறிவித்தது. எனக்கு அன்று இது எதுவும் தெரியாது. நீங்கள் விடுப்புக் கடிதம் கொடுக்கும்போது இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுத்திலேயே கொடுங்கள். கொடுக்காத நிறுவனத்துக்கு அபராதம் 500 ரூபாய் வரைதான் என்றாலும், சட்டப் பிரிவோடு வரும் கடிதத்தை மேலாளர்கள் அவ்வளவு எளிதாக ஒதுக்குவதில்லை.

முந்தைய நாள் இரவு அத்திப்பள்ளியில் பஸ் ஏறக் கூடியிருந்த கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு, தருமபுரி ஏன் எப்போதும் அதிக வாக்குப்பதிவு காட்டுகிறது என்பது புரியும். நின்றுகொண்டே கிருஷ்ணகிரி வந்து, அங்கிருந்து மாறி, விடிந்த பிறகு வீடு சேர்ந்தேன். குளித்துச் சாப்பிட்டுவிட்டுப் பதினொரு மணி வாக்கில் பூத்துக்குப் போனேன். கொரோனா காலம் என்பதால் வாசலில் உடல் வெப்பம் பார்த்து, ஒரு கைக்கு நெகிழி உறை கொடுத்து அனுப்பினார்கள். எல்லோர் முகத்திலும் கவசம். உள்ளே முதல் அலுவலர் என் பெயரையும் வரிசை எண்ணையும் உரக்கப் படித்தார். பிறகு நிறுத்திவிட்டுத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். “உங்க ஓட்டு ஆயிடுச்சேம்மா” என்றார். பட்டியலில் என் படத்துக்குக் கீழே சிவப்பு மையில் கோடு இழுத்து, பெண் வாக்காளருக்குப் போடும் அடையாளமும் போட்டிருந்தார்கள்.

நான் இடது ஆள்காட்டி விரலை நீட்டிக் காட்டினேன். அதில் மை இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த, வேட்பாளர்களின் ஏஜென்ட்டுகளில் ஒருவர், “பேரு ஒரே மாதிரி இருக்கும், மாத்திப் போட்டிருப்பாங்க, விடுங்க” என்றார். இன்னொருவர் சிரித்தார். அந்த நிமிடத்தில் எனக்குக் கோபத்தைவிட வெட்கம்தான் முதலில் வந்தது. கள்ள ஓட்டுப் போட வந்தவளே நான்தான் என்பதுபோல வரிசையில் நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். தலைமை அலுவலர் வேறு ஊரைச் சேர்ந்த ஆசிரியர். அவர் எழுந்து வந்து, வாக்காளர்கள் கையெழுத்திடும் 17ஏ பதிவேட்டைப் புரட்டினார். என் வரிசை எண்ணுக்கு நேரே, கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில், மை கலங்கிய ஒரு கைநாட்டு இருந்தது. எந்த ஆவணத்தைக் காட்டி ஓட்டுப் போட்டார் என்று குறிக்கும் பத்தியில், வாக்காளர் அடையாள அட்டைக்கான ‘இ.பி.’ என்ற குறி இருந்தது. அந்த அட்டை என் கைப்பையில் இருந்தது. நான் பி.காம். படித்தவள். கைநாட்டு வைக்க வேண்டிய தேவை எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

அதைவிட என்னை உலுக்கியது வேறொன்று. மேசையில் விரிந்து கிடந்த பட்டியலில், என் பெயருக்கு அடுத்திருந்த என் தம்பியின் பெயருக்குக் கீழேயும் சிவப்புக் கோடு இருந்தது. தம்பி அன்று திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலையில் இருந்தான். விடுப்புக் கிடைக்கவில்லை என்று முதல் நாள் இரவுதான் போனில் வருத்தப்பட்டிருந்தான். ஆள் தெரியாமல் நேர்ந்த குழப்பமாக இருந்தால் என் பெயரோடு நின்றிருக்கும். அடுத்தடுத்து இரண்டு பெயர், இருவருமே வெளியூரில் இருப்பவர்கள் என்னும்போது, எங்கள் வீட்டில் யார் ஊரில் இல்லை என்பதைத் தெரிந்த ஒருவர் சொல்லித்தான் இது நடந்திருக்க வேண்டும்.

“நான் ஓட்டுப் போடாமல் போக மாட்டேன் சார்” என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. தன் கையேட்டை எடுத்துப் பார்த்தார். என் அட்டையை வாங்கிப் படத்தை ஒப்பிட்டார். அப்பா பெயர், வீட்டு எண், வீட்டில் உள்ள மற்றவர்களின் பெயர்கள் என்று கேட்டார். பிறகு ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, இயந்திரத்தில் ஒட்டியிருப்பதைப் போலவே அச்சிட்ட ஒரு வாக்குச்சீட்டைக் கொடுத்தார். இதற்குத்தான் டெண்டர் ஓட்டு, அதாவது ஆய்வுக்குரிய வாக்கு என்று பெயர். 1961-ஆம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகளில் 49பி (49P) விதி இதைப் பற்றியது. கையெழுத்திடும் படிவம் 17பி (17B). உங்கள் பெயரில் ஏற்கெனவே ஓட்டு விழுந்திருந்தால், கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொல்லி நீங்கள்தான் அந்த வாக்காளர் என்று தலைமை அலுவலருக்குத் தெளிவானவுடன், இந்தச் சீட்டைத் தர அவர் கடமைப்பட்டவர். அவர் செய்யும் சலுகை இல்லை இது, உங்கள் உரிமை. இயந்திரத்தில் பொத்தானை அழுத்த விடமாட்டார்கள். மறைவிடத்தில் சீட்டில் முத்திரை குத்தி, மடித்து, அவர் கையிலேயே கொடுக்க வேண்டும். அதைத் தனி உறையில் போட்டு மூடிவிடுவார்கள்.

அந்த உறையை வாக்கு எண்ணிக்கை நாளில் பிரிக்க மாட்டார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது. தேர்தல் வழக்கு வந்து நீதிமன்றம் கேட்டால் மட்டுமே அதற்கு உயிர். ராஜஸ்தானில் 2008-இல் நாத்துவாரா தொகுதியில் சி.பி. ஜோஷி ஒரே ஒரு ஓட்டில் தோற்றபோது, இத்தகைய டெண்டர் ஓட்டுகளை எண்ணுவது பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆயிரக்கணக்கில் வித்தியாசம் வரும் தொகுதியில் அதைக் கேட்பவர்கள் இல்லை. அப்படியானால் அதைப் போட்டு என்ன பயன் என்று பலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். ஒரு சாவடியில் எத்தனை பேர் டெண்டர் ஓட்டுப் போட்டார்கள் என்பது எழுத்தில் பதிவாகிவிடுகிறது. திரும்பிப் போய்விட்டால் எதுவுமே நடக்கவில்லை என்றாகிவிடும். ஆகவே போட்டுவிட்டே வாருங்கள். இதையொட்டி ஒவ்வொரு தேர்தலிலும் வாட்ஸாப்பில் சுற்றும் செய்தியை மட்டும் நம்பாதீர்கள். ஒரு சாவடியில் டெண்டர் ஓட்டு 14 சதவீதத்தைத் தாண்டினால் மறுவாக்குப்பதிவு நடக்கும் என்பதும், பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும் ஆதாரைக் காட்டி ‘சேலஞ்ச் ஓட்டு’ போடலாம் என்பதும் பொய். அப்படி எந்த விதியும் இல்லை. பட்டியலில் பெயர் இல்லை என்றால் ஓட்டு இல்லை. சேலஞ்ச் என்பது, ஓட்டுப் போட வந்திருப்பவர் உண்மையான ஆள் இல்லை என்று ஏஜென்ட் 2 ரூபாய் கட்டி எதிர்ப்புத் தெரிவிப்பது.

அன்று மாலை மண்டல அலுவலரின் வண்டி வந்தபோது ஒரு தாளில் புகார் எழுதிக் கொடுத்தேன். காவல் நிலையத்திலும் கொடுக்கப் போனேன். “யார் போட்டாங்கன்னு தெரியுமா? தெரியலேன்னா யார் மேலம்மா எழுதறது?” என்று கேட்டார்கள். ஆள் மாறாட்டத்துக்கு ஓராண்டு வரை சிறை உண்டு, ஆனால் ஆளைக் காட்டும் பொறுப்பு எப்படியோ என் தலையில் வந்து விழுந்தது. மறுநாள் கர்நாடக அரசுப் போக்குவரத்து ஊழியர்களின் வேலைநிறுத்தம் தொடங்கிவிட்டதால் ஓசூருக்கு அப்பால் நெருக்கியடித்து ஒரு வாடகைக் காரில் போக வேண்டியதாயிற்று. சம்பளப் பிடித்தம், பஸ் கட்டணம், கார் எல்லாம் சேர்ந்து மூவாயிரம் ரூபாயைத் தாண்டியது. பிறகு தருமபுரியில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்தேன், அதற்கும் பணம். தேர்தல் முடிவு வந்த 45 நாட்களுக்குள் எந்த வாக்காளரும் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குப் போடலாம், 2,000 ரூபாய் காப்புத்தொகை கட்ட வேண்டும், ஆனால் முடிவையே மாற்றும் அளவுக்குக் காரணம் காட்ட வேண்டும் என்று அவர் பொறுமையாக விளக்கினார். தகவல் உரிமைச் சட்டத்தில் அந்தப் பதிவேட்டின் நகலைக் கேட்டேன். அதே 1961 தேர்தல் நடத்தை விதிகளின் 93-ஆம் விதிப்படி நீதிமன்ற உத்தரவு இல்லாமல் அந்தக் கட்டைப் பிரிக்க முடியாது என்று பதில் வந்தது. அந்தக் கைநாட்டு யாருடையது என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

காலக் கெடுவைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வாக்குப்பதிவுக்கு மறுநாள், தேர்தல் நடத்தும் அலுவலரும் ஆணையத்தின் பார்வையாளரும் வேட்பாளர் தரப்பை வைத்துக்கொண்டு 17ஏ பதிவேடுகளைப் பரிசீலிக்கிறார்கள். மறுவாக்குப்பதிவு தேவையா என்பது அந்தக் கட்டத்தில்தான் பெரும்பாலும் முடிவாகிறது. எனவே புகார் அன்றைக்கே, பாகம் எண், வரிசை எண், நேரம் எல்லாவற்றோடும் பார்வையாளர் கைக்குப் போக வேண்டும். 1950 என்ற வாக்காளர் உதவி எண்ணில் சொல்லிப் புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். சாவடியில் உள்ள எல்லா வேட்பாளர்களின் ஏஜென்ட்டுகளிடமும் சொல்லுங்கள். சாவடியின் கேமரா பதிவுகளை, வழக்கு எதுவும் இல்லை என்றால், தேர்தல் முடிவு வந்த 45 நாட்களுக்குப் பிறகு அழித்துவிடலாம் என்று 2025-இல் ஆணையம் அறிவுறுத்திவிட்டது. சாவகாசமாக எழுதிக்கொள்ளலாம் என்று இருந்தால் ஆதாரம் எதுவும் மிஞ்சாது. உரிய நேரத்தில் ஆதாரத்தோடு போன புகாருக்குப் பலன் இருந்திருக்கிறது என்பதற்கு எங்கள் மாவட்டமே சாட்சி. 2019 மக்களவைத் தேர்தலில் தருமபுரித் தொகுதிக்குள், பாப்பிரெட்டிப்பட்டி சட்டமன்றப் பகுதியில் 8 சாவடிகளில் மே 19 அன்று மறுவாக்குப்பதிவு நடந்தது.

இவ்வளவுக்கும் பிறகு என்னை அதிகம் நோகடித்தது வீட்டில்தான். “விடும்மா. நீ பெங்களூரு போயிருவ, நாங்க இங்கதான இருக்கணும்” என்றார் அப்பா. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்கள் தெருவில் இருப்பது முப்பது வீடுகளுக்கும் குறைவு. தண்ணீர் லாரி, நூறு நாள் வேலை அட்டை, பட்டா மாறுதல், சங்கத்துக் கடன் என்று எல்லாவற்றுக்கும் அந்த ஏஜென்ட்டுகளின் சொந்தக்காரர்களிடம்தான் போய் நிற்க வேண்டும். ஒரே சமூகத்தவர் மிகப் பெரும்பான்மையாக இருக்கும் சாவடியில், எல்லாக் கட்சி ஏஜென்ட்டும் ஒருவருக்கொருவர் மாமன் மச்சானாக இருக்கும்போது, இவர் அவர் இல்லை என்று எழுந்து சொல்ல யாருக்குத் துணிவு வரும்? ஏஜென்ட்டுகள் எதிரெதிராக இருப்பார்கள், ஒருவர் ஏமாற்றினால் மற்றவர் பிடித்துவிடுவார் என்ற நம்பிக்கையில்தான் சட்டம் எழுதப்பட்டிருக்கிறது. எங்களைப் போல எண்ணிக்கையில் குறைந்தவர்கள் இருக்கும் தெருவுக்கு அந்த நம்பிக்கை பொருந்துவதே இல்லை.

அடுத்து வந்த மாதங்களில், ஊருக்குப் போகும்போதெல்லாம் எங்கள் பாகத்தின் வாக்காளர் பட்டியலை அச்செடுத்துத் தெரிந்தவர்களோடு உட்கார்ந்து பார்த்தேன். கள்ள ஓட்டு எந்தப் பெயரில் வேண்டுமானாலும் விழுவதில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெளிந்தது. பட்டியலில் இருந்து ஊரில் இல்லாத பெயர்களைத்தான் அது தேடிப் போகிறது. எங்கள் பக்கம் மழையை நம்பிய ராகியும் மாவும் குடும்பத்துக்குப் போதாது, அதனால் இருபது வயதிலிருந்து நாற்பது வயது வரையானவர்களில் பெரும்பகுதி வெளியே. கல்யாணமாகி வந்த பெண்களின் பெயர் பிறந்த ஊரிலும் புகுந்த ஊரிலும் இருக்கிறது. பலருக்கு அது குற்றம் என்பதே தெரியாது. இறந்தவர்களில் பாதிப் பேருக்கு இறப்புச் சான்றிதழே வாங்கவில்லை. சொத்து இருந்தால்தானே யாரும் வாங்கப் போகிறார்கள்? அதனால் பெயர் அப்படியே நிற்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அதிகம் இருக்கும் ஊரில் கைநாட்டு யாரையும் உறுத்துவதில்லை, ஒப்பிட்டுப் பார்ப்பதும் இல்லை. 2011 கணக்கெடுப்பில் தருமபுரியின் எழுத்தறிவு 68.54 சதவீதம், மாநிலத்திலேயே கடைசி. பிறகு முதியவர்கள். பார்வை குறைந்தவர்களுக்காகத் துணை ஆள் ஓட்டுப் போடலாம், ஆனால் ஒருவர் ஒரே ஒருவருக்குத்தான் துணையாகலாம் என்பது விதி. எங்கள் சாவடியில் ஒரே ஆள் பாட்டி பாட்டியாகக் கையைப் பிடித்துக் கூட்டிவந்ததைப் பலரும் பார்த்திருக்கிறார்கள்.

ஏழைகளும் படிக்காதவர்களும் அதிகம் உள்ள இடத்தில் தேர்தல் மோசடி அதிகம் என்று படித்தவர்கள் பேசும்போது, அந்த மக்கள்தான் மோசடி செய்கிறார்கள் என்ற பொருளே தொனிக்கிறது. நான் கண்ட வரையில் அவர்கள் பெயரில் மோசடி நடக்கிறது. செய்பவர்கள் ஊரில் நிலையாக இருப்பவர்கள், செல்வாக்கு உள்ளவர்கள், பட்டியலைப் படிக்கத் தெரிந்தவர்கள். 2024 மக்களவைத் தேர்தலில் 81.20 சதவீதத்தோடு தருமபுரி மாநிலத்திலேயே முதலிடம் பிடித்தது. இரவெல்லாம் பஸ்ஸில் நின்று வந்தவர்களின் அந்த எண்ணிக்கையைப் பார்த்து எனக்குப் பெருமைதான். ஆனால் மூன்றில் ஒரு பங்கு வெளியூரில் இருக்கும் ஒரு சாவடியில் தொண்ணூற்றைந்து சதவீதம் என்று வந்தால், அதை யாராவது எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

2024 தேர்தலுக்கு முன்பு எங்களால் முடிந்ததைச் செய்தோம். தெருவில் இறந்தவர்களின் பெயரை நீக்கப் படிவம் 7 கொடுத்தோம். கல்யாணமாகிப் போன பெண்களிடம் பேசி, இடமாற்றத்துக்குப் படிவம் 8 போட வைத்தோம். வராதவர், இடம் மாறியவர், இறந்தவர் என்று சாவடிக்கு ஒரு தனிப் பட்டியல் தயாராகும். அந்தப் பட்டியலில் உள்ள பெயரில் யார் வந்தாலும் தலைமை அலுவலர் கூடுதலாகச் சரிபார்த்த பிறகே விட வேண்டும். வெளியூரில் இருப்பவர்களின் பெயர்களை வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் சொல்லி அதில் சேர்க்க வைத்தோம். உங்கள் பெயர் அதில் இருக்கிறது என்பதால் ஓட்டுப் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். மூல அடையாள அட்டையோடு போனால் போதும். பூத் சிலிப் மட்டும் அடையாளம் ஆகாது. இவை எல்லாவற்றையும்விடப் பலன் தந்தது, என் சித்தப்பா மகள் ஒரு வேட்பாளரின் ஏஜென்ட்டாக உள்ளே உட்கார்ந்ததுதான். காலை ஏழரை மணிக்கே ஒரு பையன் திருப்பூரில் இருக்கும் பக்கத்து வீட்டுக்காரரின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தான். அவள் 2 ரூபாயை மேசையில் வைத்துச் சேலஞ்ச் என்றாள். தலைமை அலுவலர் விசாரிக்கத் தொடங்கியதுமே அவன் சிலிப்பைப் போட்டுவிட்டு நழுவிவிட்டான். அதன் பிறகு எங்கள் தெருப் பெயரில் யாரும் வரவில்லை. நான் அன்று ஏழு மணிக்கே போய் என் ஓட்டை நானே போட்டேன்.

2025 இறுதியில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் வந்தபோது, இதே விஷயம் மறுபுறமாகத் திரும்பியது. டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் தமிழ்நாடு முழுவதும் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தவர்கள், இடம் மாறியவர்கள், இரட்டைப் பதிவுகள் என்று காரணம் சொன்னார்கள். கள்ள ஓட்டுக்கு இடம் தந்த பெயர்கள் போனது எனக்கு ஆறுதல்தான். ஆனால் அதே அலையில் என் தம்பியின் பெயரும் போயிருந்தது. வேலைக்காகத் தற்காலிகமாக வெளியே இருப்பதாலேயே ஒருவர் தன் ஊரின் குடியிருப்பாளர் என்ற நிலையை இழப்பதில்லை என்று 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு சொல்கிறது. அதை எழுதி, குடும்ப அட்டை நகலையும் இணைத்து, பெயர் சேர்க்கக் கோரும் படிவம் 6-ஐ உறுதிமொழியுடன் கொடுத்தான். விசாரணைக்கு வரச் சொன்ன நாளில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து நின்றான், பெயர் சேர்ந்தது. உங்களுக்கு மறுத்தால், உத்தரவை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உத்தரவிட்ட நாளிலிருந்து 15 நாட்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம், அங்கும் மறுத்தால் 30 நாட்களுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் போகலாம்.